10 வருஷ ஜெயில் போட்ட சர்க்காரிடம் 100 ரூபாய் வசூல் செய்த சேலம் வக்கீல்!

செவ்வாய்ப்பேட்டையைக் கலக்கிய 1882-ம் வருஷத்து ரகளை

(நமது நிருபர்)

சேலம் செவ்வாய்ப்பேட்டை.

இந்தப் பேரைச் சொன்னதும் ஆளுக்கு ஒன்று ஞாபகம் வரும். மளிகைக் கடைக்காரருக்கு லீ பஜார். வெல்லம் காய்ச்சுகிறவருக்கு மண்டி ஏலம். கல்யாண வீட்டுக்காரருக்கு வெள்ளிக் கொலுசு. சின்னப் பசங்களுக்கு ஆடி மாதத்து வண்டி வேடிக்கை.

லாரியும் தள்ளுவண்டியும் மூட்டை தூக்குகிறவர்களும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு போகிற பேட்டை இது. 140 வருஷங்களுக்கு முன்பு இங்கே ஒரு பெரிய ரகளை நடந்தது. மசூதி ஒன்று இடிக்கப்பட்டது. ரத்தம் சிந்தியது. கோர்ட்டு, ஜெயில், அந்தமான் என்று பல குடும்பங்கள் சிதறிப்போயின. சேலம் என்ற பேர் வைசிராய் ரிப்பன் பிரபுவின் மேஜை வரைக்கும் போனது.

அந்த ரகளைக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் 30 வயது வக்கீல். நகரசபை மெம்பர். கல்லூரியில் இங்கிலீசும் கணக்கும் சொல்லிக் கொடுத்த வாத்தியார். கலகத்தைத் தூண்டிவிட்டார் என்று அவர் மேல் கேஸ் போட்டார்கள். தண்டனை எவ்வளவு தெரியுமா? 10 வருஷம்!

அதே மனிதர் 38 வருஷம் கழித்து அகில இந்திய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். காந்தி, மோதிலால் நேரு, சி.ஆர். தாஸ், ஜின்னா எல்லோரும் கூடியிருந்த மாநாடு அது.

அவர்தான் சேலம் சி. விஜயராகவாச்சாரியார். சேலத்து வீரர் என்றும் தென்னாட்டுச் சிங்கம் என்றும் அந்தக் காலத்தில் பேர் வாங்கியவர்.

பொன் விளைந்த ஊர்

சேலம் விஜயராகவாச்சாரியார் என்று சொல்கிறோமே தவிர, அவர் பிறந்தது சேலத்தில் இல்லை. செங்கல்பட்டு பக்கத்தில் பொன்விளைந்த களத்தூர் என்று ஒரு ஊர். அங்கே 1852-ம் வருஷம் ஜூன் 18-ந்தேதி பிறந்தார். அப்பா சடகோபாச்சாரியார். புரோகிதம் செய்துவந்த வைஷ்ணவக் குடும்பம்.

சின்ன வயசில் வேதமும் சமஸ்கிருதமும் படித்தார். 12 வயசில்தான் இங்கிலீஷ் எழுத்தையே பார்த்தார். சென்னையில் பச்சையப்பன் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். எட்டு வருஷம் முடிவதற்குள் மாகாணத்திலேயே 2-வது ஆளாகப் பாஸ் செய்தார் என்றால் பையனின் மூளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பிரெசிடென்சி கல்லூரி. 1875-ல் பட்டம். படித்த கல்லூரியிலேயே வாத்தியார் உத்தியோகமும் கிடைத்தது.

அங்கிருந்து மங்களூர் அரசாங்கக் கல்லூரிக்கு மாற்றினார்கள். சில வருஷம் இருந்துவிட்டு வேலையை உதறினார். பிறகு வந்து சேர்ந்த இடம்தான் சேலம் முனிசிபல் கல்லூரி. இங்கிலீசும் கணக்கும் நடத்தினார்.

வாத்தியார் வேலையோடு மனுஷன் நிற்கவில்லை. சட்ட வகுப்பு எதற்கும் போகாமல், தானாகவே புத்தகத்தைப் புரட்டிப் படித்து, வக்கீல் பரீட்சை எழுதினார். 1881-ல் பாஸ். சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

அப்போது அவருக்கு வயசு 29. இன்னும் ஒரு வருஷத்தில் தானே குற்றவாளிக் கூண்டில் நிற்கப் போகிறோம் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமைச் சந்தை

இந்த இடத்தில் கொஞ்சம் செவ்வாய்ப்பேட்டையைப் பார்த்துவிட்டு வருவோம். அது தெரியாமல் இந்தக் கேஸ் புரியாது.

பேரிலேயே விஷயம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சந்தை கூடிய பேட்டை, செவ்வாய்ப்பேட்டை. வெள்ளைக்காரன் வாயில் அது ஷெவாபெட் ஆனது. பழைய கோர்ட்டு ரிக்கார்டுகளில் அப்படித்தான் இருக்கிறது. சேலம் என்பது ஒரே ஊர் இல்லை. கோட்டை, குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, கிச்சிப்பாளையம், பொன்னம்மாப்பேட்டை என்று பல பேட்டைகள் ஒட்டிக்கொண்ட ஊர். நடுவே திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் புறப்பட்டு, சேலத்துக்குள் நுழைந்து, நாமக்கல் ஜில்லா பக்கம் போய்க் காவிரியில் விழுகிற ஆறு.

கோட்டை பக்கம் ஆண்டவர்கள் இடம் என்றால், பேட்டைகள் நெசவாளிக்கும் வியாபாரிக்கும் சொந்தம். அதிலும் செவ்வாய்ப்பேட்டைதான் சேலத்துக்குக் கல்லாப்பெட்டி. ரயில் 1860-களிலேயே வந்துவிட்டது. ஆனால் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே சூரமங்கலத்தில். சரக்கு அங்கே இருந்து மாட்டு வண்டியில்தான் ஊருக்குள் வரவேண்டும். இப்போது பேட்டையை ஒட்டி இருக்கிற மார்க்கெட் ரயில் நிலையம் எல்லாம் அப்போது கிடையாது.

1882-ல் இந்தப் பேட்டை என்ன நிலைமையில் இருந்தது? தாது வருஷப் பஞ்சம் முடிந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. 1876-ல் இருந்து 1878 வரைக்கும் நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் ரொம்ப அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று சேலம். 1871 ஜனத்தொகைக் கணக்கில் சேலம் ஜில்லாவில் 19 லட்சத்து 66 ஆயிரம் பேர். 1881 கணக்கில் 16 லட்சம் கூடத் தேறவில்லை. பத்து வருஷத்தில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் குறைந்துபோனார்கள். செத்தவர் பாதி, ஊரை விட்டு ஓடினவர் பாதி என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு பயங்கரம்.

அப்படி ஒரு பஞ்சத்தில் அடிபட்டு எழுந்த ஊரில்தான் தெருவில் மேளம் கொட்டுவதா, கூடாதா என்று சண்டை மூண்டது.

மேளத் தகராறு

தகராறு இதுதான். செவ்வாய்ப்பேட்டையில் சாமி ஊர்வலம் போகிற வழியில் ஒரு மசூதி எழும்பியது. மசூதி முன்னால் மேளதாளத்தோடு ஊர்வலம் போகக் கூடாது என்று முஸ்லிம்கள் தரப்பில் ஆட்சேபித்தார்கள். காலங்காலமாக எங்கள் சாமி போகிற வழி, இதில் மேளத்தை எப்படி நிறுத்துவது என்று இந்துக்கள் தரப்பில் மல்லுக்கு நின்றார்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் பேசுவதற்கு ஆள் இருந்தார்கள். தொழுகிற நேரத்தில் வாசலில் தவுல் அடித்தால் யாருக்குத்தான் கஷ்டமாக இருக்காது? பாட்டன் காலத்தில் இருந்து சாமி போன தெருவில் மேளத்தை நிறுத்து என்றால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? ஒரே சந்தையில் கடை போட்டு, ஒரே கிணற்றடியைக் கடந்து போகிறவர்கள்தான். ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருந்தால் தொழுகை நேரம் போக மற்ற நேரத்தில் ஊர்வலம் என்று முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முடியவில்லை. வீம்பு வளர்ந்தது. ஒரு கலெக்டர் உத்தரவு போடுவார், அடுத்தவர் மாற்றுவார். இந்த மாதிரி ஊர்வலத் தகராறுகள் அந்தக் காலத்தில் சென்னை ஐகோர்ட்டு வரைக்கும் போவது சகஜம்.

1882-ம் வருஷம் ஜூலை, ஆகஸ்டு. ஆடி சீசன். சேலத்தில் ஆடி என்றால் கேட்க வேண்டாம், மாரியம்மன் பண்டிகை. பேட்டைக்குப் பேட்டை கோயில். ஊரே தெருவில் நிற்கும் மாதம். அந்த நேரத்தில்தான் நெருப்பு பற்றியது. முதலில் ஒரு கைகலப்பு. அதோடு அடங்கவில்லை. ஆகஸ்டில் பெரிய கலகமாக வெடித்தது. மசூதியைத் தரைமட்டமாக்கினார்கள்.

பஜார் மூடியது. ஊர் பூராவும் போலீஸ். ஆட்களை வளைத்து வளைத்துப் பிடித்தார்கள்.

மெம்பர் மேல் கண்

கலகம் என்றால் யாரோ தூண்டிவிட்டிருக்க வேண்டும். இது போலீசின் பழைய கணக்கு. இன்றைக்கும் எந்தக் கலாட்டா நடந்தாலும் முதல் தகவல் அறிக்கை எழுதும்போது தூண்டிவிட்டவர் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். கோர்ட்டும் ஸ்டேஷனுமாக அலைகிற எங்களுக்கு இது தெரிந்த சங்கதி.

சேலத்தில் அந்தக் கண், புது நகரசபை மெம்பர் விஜயராகவாச்சாரியார் மேல் விழுந்தது.

அவர் மெம்பர் ஆகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அந்தக் காலத்து நகரசபை இப்போது மாதிரி கிடையாது. சேலம் நகரசபை 1866-ல் ஏற்பட்டது. ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிற பேச்சே இல்லை. ஜில்லா கலெக்டர்தான் தலைவர். பஜாரில் வரி போடுவது, சாக்கடை வெட்டுவது, விளக்கு வைப்பது எல்லாம் துரை சொன்னபடி. மெம்பர்கள் தலையாட்டினால் போதும்.

இந்த நிலைமையை மாற்றத்தான் வைசிராய் ரிப்பன் பிரபு 1882 மே மாதம் ஒரு தீர்மானம் வெளியிட்டார். உள்ளூர் நிர்வாகத்தை உள்ளூர் ஜனங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜில்லாவில் ராஜா மாதிரி இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் பல பேருக்கு இது பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில், சட்டம் படித்த, இங்கிலீஷில் எதிர்க்கேள்வி கேட்கிற ஒரு 30 வயசுப் பையன் சபையில் உட்கார்ந்தால் துரைக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

தீர்மானம் வந்து மூன்றாவது மாசம் கலகம். கலகத்தைத் தூண்டினார் என்று மெம்பர் மேல் கேஸ்.

10 வருஷம்!

விசாரணை நடந்தது. தீர்ப்பு 10 வருஷ தண்டனை. நகரசபை மெம்பர் பதவியும் பறிபோனது.

வக்கீல் சன்னது வாங்கிய மை காயவில்லை. அதற்குள் 10 வருஷம்! வேறு ஆளாக இருந்தால் இடிந்து உட்கார்ந்திருப்பார். இவர் கேஸ் கட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டத்தைத் தானே படித்துப் பாஸ் செய்தவர் அல்லவா? தன் கேசில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். ஐகோர்ட்டில் அப்பீல். அரசாங்கத் தரப்பு சொன்ன கதை அங்கே நிற்கவில்லை. விஜயராகவாச்சாரியார் குற்றமற்றவர் என்று விடுதலை செய்யப்பட்டார்.

இதற்குள் சேலம் கேஸ் மாகாணம் பூராவும் பரவிவிட்டது. இந்து பத்திரிகை 1878-ல் ஆரம்பிக்கப்பட்டு வாரப் பத்திரிகையாக நடந்துகொண்டிருந்த காலம். ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர். அவர்தான் 1882-ல் தமிழில் சுதேசமித்திரனையும் தொடங்கினார். இந்து பத்திரிகை சேலம் கேஸ் நடந்த விதத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதியது. அப்போது கவர்னராக இருந்தவர் கிராண்ட் டஃப். அந்த நிர்வாகத்துக்கும் பத்திரிகைக்கும் ஆகவே ஆகாது. சேலத்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாத ஒரு புது வக்கீல், இந்தக் கேசால் இந்தியா பூராவும் தெரிந்த ஆளாகிவிட்டார்.

நாற்காலியும் நூறு ரூபாயும்

விடுதலை ஆனதும் வீட்டுக்குப் போய்ப் படுத்தாரா? அதுதான் இல்லை.

குற்றவாளி இல்லை என்று ஐகோர்ட்டே சொன்ன பிறகு, குற்றவாளி என்று சொல்லிப் பறித்த மெம்பர் பதவி மட்டும் எப்படிப் போகும்? விடவில்லை மனுஷன். வழக்குப் போட்டார். யார் மேல்? சேலம் கலெக்டர் மேல் அல்ல. சென்னை கவர்னர் மேல் அல்ல. லண்டனில் உட்கார்ந்து இந்தியா பூராவையும் ஆண்டுகொண்டிருந்த இந்தியா மந்திரி மேல்!

ஜெயித்தார். நகரசபை நாற்காலி திரும்பக் கிடைத்தது. நஷ்டஈடாக 100 ரூபாயும் கொடுக்கும்படி ஆனது.

நூறு ரூபாய் அந்தக் காலத்தில் சின்னக் காசு இல்லைதான். ஆனால் 10 வருஷ ஜெயிலுக்கு ஆளாக்கிய அவமானத்துக்கு அது எந்த மூலைக்கு? அவருக்கு வேண்டியது பணம் இல்லை என்பது தெளிவு. சர்க்கார் கை நீட்டித் தப்புக்குக் காசு கொடுத்தது என்று ரிக்கார்டில் ஏறவேண்டும். ஏறிவிட்டது. பெரிய சீமான், ஜமீன்தார் யாரும் செய்யாத காரியத்தை ஒரு புரோகிதர் மகன் செய்துவிட்டார்.

கடல் தாண்டிப் போனவர்கள்

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது நூறு ரூபாய் இல்லை. அடுத்து நடந்ததுதான்.

கலகக் கேசில் தண்டனை வாங்கியவர் இவர் ஒருவர் மட்டும் அல்ல. சேலத்துக்காரர்கள் பல பேர். சில பேரை அந்தமானுக்கே ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்தமான் என்றால் கடல் தாண்டிப் போவது. போனவர் திரும்புவார் என்று வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போதே அழுது தீர்த்துவிடுவார்கள். இன்று சுற்றுலாக்காரர்கள் போய்ப் பார்க்கிற செல்லுலார் ஜெயில் எல்லாம் அதற்குப் பல வருஷம் கழித்துக் கட்டியது. அப்போது அங்கே இருந்தது தீவாந்தரத் தண்டனைக்காரர்கள் குடியிருப்பு.

இவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. சட்டம் தெரியாது. இந்தியா மந்திரி என்று ஒருவர் இருப்பதே தெரிந்திருக்குமா என்று சந்தேகம். விஜயராகவாச்சாரியார் தன் கேசை ஜெயித்துவிட்டார். தன் நாற்காலியையும் வாங்கிவிட்டார். அத்தோடு ஒதுங்கியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒதுங்கவில்லை. வைசிராய் ரிப்பனுக்கு மனுப் போட்டார். அந்தமானில் கிடக்கிற சேலத்துக்காரர்களை விடவேண்டும் என்று விடாமல் கேட்டார். அந்த முறையீடு பலித்தது. அவர்கள் விடுதலையானார்கள்.

அந்தமானில் இருந்து திரும்பியவனை வீட்டு வாசலில் பார்த்த தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? அது எந்த ரிக்கார்டிலும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மசூதி இடிந்துபோன முஸ்லிம் குடும்பங்களும் இதே ஊர்க்காரர்கள்தான். விஜயராகவாச்சாரியார் நிரபராதி என்று தீர்ப்பானதால் அன்றைக்குச் செவ்வாய்ப்பேட்டையில் நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. சேலத்து வீரர் கதையைச் சொல்கிறவர்கள் பல பேர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தெரு யாருக்குச் சொந்தம்?

ஊர்வலத் தகராறும் சும்மா போகவில்லை. சேலம் ஊர்வலச் சண்டையில் இருந்து கிளம்பிய சுந்தரம் செட்டி வழக்கில் சென்னை ஐகோர்ட்டு 1883-ல் ஒரு தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி டர்னர் உள்பட நீதிபதிகள் பல பேர் சேர்ந்து உட்கார்ந்து கேட்ட கேஸ் அது.

தீர்ப்பின் சாரம் என்ன? பொதுத் தெரு எல்லோருக்கும் பொது. மேளதாளத்தோடு ஊர்வலம் போக யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதே தெருவில் நடக்கிற அடுத்தவனுக்குத் தொல்லை இருக்கக் கூடாது. கலாட்டா வரும் என்று பட்டால் மாஜிஸ்டிரேட் கட்டுப்பாடு போடலாம். ஆனால் அவரவர் உரிமையைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் அதிகாரிகளின் முதல் வேலை.

அன்றைக்கு எழுதிய தீர்ப்பு பிறகு ரொம்ப தூரம் போனது. 1924-ல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு வடக்கே இருந்து ஒரு ஊர்வலத் தகராறு வந்தது. அது இந்து, முஸ்லிம் சண்டை கூட இல்லை. முஸ்லிம்களுக்குள்ளேயே ஷியாக்களுக்கும் சுன்னிகளுக்கும் வந்த மொகரம் ஊர்வலச் சண்டை. அதிலும் சேலம் தீர்ப்பை எடுத்துப் பார்த்தார்கள். நம் ஊர் வக்கீல்களைக் கேட்டால் தெரியும், ஊர்வல வழக்கு வந்தால் இந்தத் தீர்ப்பை இன்றும் காட்டுவார்கள்.

சேலத்தில் இருந்து சட்டசபைக்கு

பேர் வந்தாச்சு. இனி ஊரோடு கட்டிப்போட முடியுமா?

1885-ல் பம்பாயில் காங்கிரஸ் பிறந்தபோதே இவருக்கு அழைப்பு வந்தது. காங்கிரசைத் தொடங்கிய ஹியூமுக்கு நெருக்கமானவர். காங்கிரசுக்குச் சட்டதிட்டங்கள் எழுதுகிற வேலையில் இவர் கை முக்கியமாக இருந்தது. 1895-ல் சென்னை சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 6 வருஷம் இருந்தார். 1913-ல் இருந்து 1916 வரை வைசிராயின் சட்டசபை மெம்பர். மதன் மோகன் மாளவியா, கோகலே மாதிரி பெரிய தலைகளோடு உட்கார்ந்தவர்.

1900-ல் சேலத்துக்கு இன்னொரு சின்ன வயசு வக்கீல் வந்து தொழில் தொடங்கினார். ராஜகோபாலாச்சாரியார் என்று பேர். நம் ராஜாஜிதான். விஜயராகவாச்சாரியார் உட்காரக் கூடாது என்று சர்க்கார் தடுத்த அதே நகரசபைக்கு 1917-ல் ராஜாஜி சேர்மன் ஆனார். 35 வருஷத்தில் ஊர் எவ்வளவு மாறியிருக்கிறது பாருங்கள்!

பெண் விஷயத்தில் பெரியவர் காலத்துக்கு முந்தி நின்றார். ஆச்சாரமான குடும்பத்தில் பிறந்தவர். குழந்தைக் கல்யாணம் சாஸ்திரம் என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்த காலம். பெண்ணுக்கு வயசுக்கு வந்த பிறகுதான் கல்யாணம் செய்ய வேண்டும் என்றார். அப்பா சொத்தில் பெண்ணுக்கும் பங்கு வேண்டும் என்றார். சொத்தில் பங்கு தமிழ்நாட்டில் சட்டமாக வந்தது 1989-ல். அவர் செத்து 45 வருஷம் கழித்து!

நாகபுரி மாநாடு

1920 டிசம்பர். நாகபுரி. காங்கிரஸ் வரலாற்றில் பெரிய கூட்டம். வந்திருந்த பிரதிநிதிகள் மட்டும் 14 ஆயிரத்துக்கு மேல். தலைவர் நாற்காலியில் சேலம் விஜயராகவாச்சாரியார். வயசு 68.

காந்தியின் ஒத்துழையாமைத் திட்டம் உறுதி செய்யப்பட்டது அங்கேதான். நாலணா கொடுத்தால் யாரும் காங்கிரஸ் மெம்பர் ஆகலாம் என்று ஆனதும், மொழிவாரியாக மாகாண காங்கிரஸ் கமிட்டி என்று ஆனதும் அந்த மாநாட்டில்தான். ஜின்னா எதிர்த்துவிட்டு வெளியே போனதும் அங்கேதான்.

ஒத்துழையாமை என்றால் பள்ளிக்கூடத்தை விடு, பட்டத்தை விடு, கோர்ட்டை விடு. வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போகக் கூடாது! தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரோ கோர்ட்டாலேயே மீண்டவர். ஐகோர்ட்டு இல்லாவிட்டால் தன் 30-ல் இருந்து 40 வயசு வரை ஜெயிலில் கழித்திருப்பார். அந்தமான்காரர்களுக்கு மனுப் போட ஆள் இருந்திருக்காது. திட்டத்தை அவர் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம், கோர்ட்டு புறக்கணிப்பில் தனக்குச் சம்மதம் இல்லை என்பதைத் தலைவராக இருந்தபடியே மறைக்காமல் சொன்னார். ஆனாலும் பெரும்பான்மை எடுத்த முடிவுக்குக் குறுக்கே நிற்காமல் மாநாட்டை நடத்தி முடித்தார். காற்று காந்தி பக்கம் வீசிய நேரம் அது. சேலத்து ராஜாஜி உள்பட எத்தனையோ வக்கீல்கள் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் போட்டார்கள்.

பெரியவரின் அரசியல் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போனது. சைமன் கமிஷனை எதிர்த்தார். மோதிலால் நேரு தலைமையில் இந்தியாவுக்கு அரசியல் சட்டம் வகுக்க 1928-ல் நடந்த முயற்சியில் பங்கெடுத்தார். 1931-ல் அகோலாவில் நடந்த இந்து மகாசபை மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். செவ்வாய்ப்பேட்டை கலகத்தில் தொடங்கிய பொதுவாழ்வு இந்து மகாசபை மேடைக்கும் போனதை மறைப்பதற்கில்லை. சில பேருக்குப் பிடிக்கும், சில பேருக்குப் பிடிக்காது. நடந்ததைச் சொல்கிறோம். தீண்டாமை ஒழிய வேண்டும் என்று பாடுபட்டவரும் இதே ஆள்தான்.

91 வயசு

ஊர் ஊராகப் போனாலும் திரும்பி வந்தது சேலத்துக்குத்தான். பிறந்த களத்தூருக்கும் போகவில்லை, படித்த சென்னையிலும் தங்கவில்லை. ஜெயில் தண்டனை வாங்கித் தந்த ஊரிலேயே வக்கீலாக இருந்து, அங்கேயே கிழவரானார்.

1944-ம் வருஷம் ஏப்ரல் 19-ந்தேதி இறந்தார். வயசு 91. இன்னும் இரண்டு மாதம் இருந்திருந்தால் 92. இன்னும் மூன்று வருஷம் இருந்திருந்தால் சுதந்திரம் பார்த்திருப்பார்.

அவர் சேர்த்துவைத்த புத்தகங்களும் கடிதங்களும் அவர் பெயரில் உள்ள நூலகத்துக்கு வந்தன. விஜயராகவாச்சாரியார் நினைவு நூலகமும் சொற்பொழிவு மண்டபமும் சேலத்தில் இருக்கின்றன. கலெக்டரைத் தலைவராக வைத்திருந்த சேலம் நகரசபை 1994-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. மேயர், கவுன்சிலர்கள் எல்லோரும் இப்போது ஓட்டுக்கேட்டு வருகிறவர்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் மண்டி ஏலம் நடக்கிறது. கொலுசுப் பட்டறைகளில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. ஆடி பிறந்தால் மாரியம்மன் பண்டிகைக்குக் கொட்டகை போடுகிறார்கள். ஊர்வலம் எந்த வழியாக, எத்தனை மணிக்கு என்று எழுதிப் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் மேளக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்.